ஆயி மண்டபத்து விசில்காரி

பூங்காக் காவல் வேலையில விசில் மட்டுந்தாங்க குடுப்பாங்க, மூச்சு நம்மளோடது. "தொடாதீங்க, ஏறாதீங்க, மிதிக்காதீங்க"ன்னு நாள் பூரா கத்தித் தொண்டை வத்திப்போனவங்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். புதுச்சேரியில ஆயி மண்டபம் இருக்குற பூங்காவுல, புடவைமேல காக்கிச் சட்டை மாட்டிக்கிட்டு நிக்கிறவ நான். இந்தச் சட்டையால என் பொண்ணு பவித்ராவுக்கு வந்த ரெண்டு வரன் தட்டிப்போச்சு. "பார்க்குல விசில் ஊதுறவளா சம்பந்தி?"ன்னு கேட்டாங்களாம்.

வீட்டை இடிச்ச கதை

வெளியூர்க் குடும்பம் ஒண்ணு மண்டபத்தைப் பத்திக் கேட்டுது. "தன் வீட்டையே இடிச்சிட்டு, ஊரு தண்ணி குடிக்கக் குளம் வெட்டுன ஆயிங்கற புண்ணியவதிக்குக் கட்டுனது"ன்னு உருக்கமா சொன்னேன். அந்தம்மா கண்ணு கலங்கிட்டாங்க. அவங்க வீட்டுக்காரரு தாடையைத் தடவிக்கிட்டே கேட்டாரு:

"அந்த வீட்டுல வாடகைக்கு இருந்தவங்களுக்கு முன்னாடியே சொன்னாங்களா?"

ஓட்டம்

கல்யாணம் ஆகப்போற ஜோடி ஒண்ணு போட்டோ எடுக்கப் புல்தரையில இறங்கிட்டுது. பொண்ணோட கவுன் தரையெல்லாம் பெருக்கிக்கிட்டுப் போவுது. உயிரைக் குடுத்து ஊதிக்கிட்டே தொரத்துனேன். ரெண்டும் கையைக் கோத்துக்கிட்டு ஓடுதுங்க. எனக்கு மூச்சு வாங்குது. போட்டோக்காரத் தம்பி கேமராவை இறக்காமலே சொல்றான்:

"அக்கா, இன்னொரு வாட்டி வெரட்டுங்க, இப்ப வெளிச்சம் சூப்பரா இருக்கு!"

மூணாவது வரன்

முதலியார்பேட்டைக்காரங்க. வீட்டுக்கு வந்தா எங்க நெல்லித்தோப்புத் தெருவே எட்டிப் பாக்கும், அதனால பார்க்குலயே பொண்ணு பாத்துக்கலாம்னு பேச்சு. மாப்பிள்ளை போட்டோ பவித்ரா போனுக்குத்தான் வந்துது, என்னுது பட்டன் போன். நாலு மணிக்கு டூட்டி முடிஞ்சதும் காக்கியைக் கழட்டி ஒளிச்சிட்டு, பட்டுச்சேலையில நிக்கணும்னு அதைப் பையில வச்சிருந்தேன். இதுவும் போச்சுன்னா பொண்ணு மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

மூணரைக்கு ஒருத்தன் மண்டபத் தூண் மேடையில ஏறிச் செல்பி எடுக்குறான். ஊதினேன். "இறங்குடா! போடு பத்து தோப்புக்கரணம்!" அபராதமெல்லாம் எனக்குப் பிடிக்காது, தோப்புக்கரணந்தான் நம்ம சட்டம். அவனும் மறுபேச்சில்லாம காதைப் பிடிச்சிக்கிட்டு ஆரம்பிச்சான். நான் சத்தமா எண்ணுறேன். ஏழுங்கறப்ப, சேதராப்பட்டு கம்பெனியிலேருந்து பர்மிஷன் போட்டுட்டு வந்த பவித்ரா கேட் பக்கத்துலேருந்து அலறிக்கிட்டே ஓடியாறா: "அம்மா, அவருதாம்மா அவரு!"

ஐயோ! பின்னாடி பெஞ்சுல மாப்பிள்ளையோட அம்மா வேற. நான் காக்கிச் சட்டையும் விசிலுமா மரம் மாதிரி நிக்கிறேன். அந்தப் பையன் என்னைப் பாத்தான், பவித்ராவைப் பாத்தான். காதை விடாமலே கேட்டான்:

"இன்னும் மூணு பாக்கி இருக்கு அத்தை, முடிச்சிட்டுப் பொண்ணு பாக்கட்டுமா?"

கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசமாச்சு; சம்பந்தியம்மா தெனம் மூணு மணிக்கு வந்து புல்தரை நடுவுல சட்டமா உக்காந்து சுண்டல் சாப்பிடுறாங்க, நான் விசிலை வாயில வச்சிக்கிட்டு ஊதாம நிக்கிறேன்.