திங்கட்கிழமை ஊமையாகும் கியர்

கியரில் இரண்டு கட்சி உண்டு என்பது என் மாமாவின் கொள்கை. நான் ஏழாம் வகுப்பு போனபோது, யாரோ ஓட்டி அலுத்த ஒரு கியர் சைக்கிளைக் கடலூரிலிருந்து எனக்காக வாங்கிவந்தவர் அவர்தான். வலது கைப்பிடியில் கியர் மாற்ற ஒரு பிடி, அதன் தலையில் ஒரு சின்ன வளையம். வளையத்தை ஒரு பக்கம் திருகினால் ஒவ்வொரு கியரும் ‘டக், டக்’ என்று தானே போய் உட்காரும். மறுபக்கம் திருகினால் சத்தமே வராது. பிடியை எங்கே நிறுத்துவதென்று நம் கைதான் கண்டுகொள்ள வேண்டும்.

“சத்தத்த நம்பாதடி, கைய நம்பு” என்றார் மாமா.

நானோ உயிர் போனாலும் டக் கட்சி. கிருமாம்பாக்கத்தில் ஒருத்தி கியர் சைக்கிளில் போகிறாள் என்பது, சத்தம் வராவிட்டால் யாருக்குத் தெரியும்?

அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “வழியில ஒருவாட்டி செயின் கழண்டுச்சின்னு கேள்விப்பட்டேன், அப்புறம் பஸ்ஸுதான்.” பாகூர் பள்ளிக்குப் போகும் அந்த பஸ்ஸில் பிதுங்குவதைவிடப் பள்ளிக்கே போகாமல் இருக்கலாம்.

இப்படி இருக்கையில், திங்கட்கிழமைதோறும் என் கியர் ஊமையாகிப்போனது. டக்கென்று விழும் என நம்பி நான் தள்ள, பிடி வழுக்கிக்கொண்டு ஓட, செயின் கடகடவென்று அலற, கழன்றுவிட்டதோ என்று குதித்திறங்கிப் பார்ப்பேன். சந்தேகமே இல்லை, ஞாயிறுதோறும் மீன்குழம்புக்கு வருகிற மாமாவின் கைவரிசைதான்.

“யம்மா தாயே, நா தொடவே இல்லடி!” என்று கையெடுத்துக் கும்பிட்டார். எந்தத் திருடன் ஒப்புக்கொண்டிருக்கிறான்?

அடுத்த ஞாயிறு மதியம், சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதுபோல் படுத்திருந்தேன். மாமா அப்பாவுக்குப் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஆனால் தோட்டத்துக் கதவு திறந்தது. பதுங்கிப் பின்னால் போனேன்.

கரும்புக்கொல்லை ஓரத்துப் பாதையில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள் அம்மா. என்னைப் பார்த்ததும் இரண்டு காலையும் ஊன்றி நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

“இன்னாடி, தூங்கலியா நீ?”

“நீதான் வளையத்தத் திருப்புறியா? டக்குல வச்சா சுளுவா இருக்கும்மா!”

“எனக்கு இதான்டி ஒத்துவருது. கத்தாத, அப்பா எழுந்துக்கப் போறாரு.”

சொல்லிவிட்டு வாய்க்கால் மேட்டை நோக்கி மிதித்தாள். மேடு வந்ததும், ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாமல் கியர் மாறியது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பெற்ற தாயே தன் தம்பியான மாமாவின் கட்சிக்குத் தாவிவிட்டாளே என்று சாயங்காலம்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். டக் போட்டால் நாம் போவதும் வருவதும் தெரு முழுக்கக் கேட்கும்; அதற்காகத்தான் எனக்கு அதைப் பிடித்திருந்தது. அதற்காகவேதான் அம்மா அதை வேண்டாமென்றாள் என்பது அன்றைக்கு என் மரமண்டைக்கு எட்டவில்லை.