ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம்

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் ஒரு தினசரி நாட்காட்டித் தாள் இருக்கிறது. ஆனி மாதம், வெள்ளிக்கிழமை. ஓரத்தில் சிவப்பு மையில் 'சுபமுகூர்த்த நாள்' என்று அச்சாகியிருக்கும். தேதியைச் சுற்றி நான் நீல மையில் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். நாட்காட்டித் தாளைக் கிழித்தால் எறியாமல் பின்பக்கத்தில் அன்றைய செய்தி ஒன்றைக் குறித்து வைப்பது என் பழக்கம். ஏரி எந்த நாளில் நிரம்பியது, எந்த மழைக்குத் தாம்பரம் சுரங்கப்பாதையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, எங்கள் தெருவில் எந்தக் காற்றில் எந்த மரம் சாய்ந்தது என்று இருபது வருடக் குறிப்புகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறேன். அந்த ஒரு தாளின் பின்பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. எழுதப் பலமுறை எடுத்ததுண்டு. எழுதியதில்லை.

தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே எல்.இ.டி. பல்பு செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் அப்போது வேலை பார்த்தேன். ஆவணப் பிரிவு என்று பலகை தொங்கும். பிரிவு முழுவதும் நான் ஒருவன்தான். நம் ஊரில் குளிர்பதனப் பெட்டியின் மேல் நட்சத்திரம் ஒட்டியிருப்பதைப்போல, ஐரோப்பாவில் விற்கும் பல்பின் அட்டைமேல் ஏ முதல் ஜி வரை எழுத்துகள் கொண்ட ஒரு வண்ணச்சீட்டு இருக்க வேண்டும். சீட்டு மட்டும் போதாது. விற்பனைக்கு இறங்கும் முன் ஒவ்வொரு ரகத்தையும் அவர்களுடைய பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். இங்கிருந்து நாமே பதிய முடியாது. நாம் விவரங்களைத் தயாரித்து அனுப்புவோம், அங்கே நம்மிடம் வாங்கும் இறக்குமதியாளர் பதிவார். எத்தனை வாட், எவ்வளவு வெளிச்சம், நீண்ட நாள் எரியவிட்டால் எத்தனை பல்பு பிழைக்கும், எந்தத் தேதியில் விற்பனை தொடங்கும் என்று படிவம் நீளும். அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் எல்லாமே இருந்தது. குறித்த தேதி வரும்வரை எதையும் மாற்றலாம். தேதி பிறந்ததும் அந்த ரகத்தின் பக்கம் தானாகவே ஊருக்கெல்லாம் திறந்துகொள்ளும். அதன் பிறகு அதை யாராலும் அழிக்க முடியாது. விற்பனையை நிறுத்தலாம், நிறுத்திய தேதியைப் பக்கத்தில் போடலாம். பக்கம் இருக்கும். அந்தச் சட்டத்தை முதன்முதலில் படித்தபோது என்னைப் போன்ற ஒருவன்தான் எழுதியிருக்க வேண்டும் என்று மகிழ்ந்தேன்.

சோதனைக்கூடப் பொறுப்பாளரை எல்லோரும் லேப் அக்கா என்றே கூப்பிடுவோம். என்னைவிட நான்கு வயது மூத்தவர். சேலையூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பல தலைமுறையாக இருக்கும் கிறித்தவக் குடும்பம். அட்டைப்பெட்டி ஒட்டும் மேசையில் வேலைக்குச் சேர்ந்து, மாலைக் கல்லூரியில் டிப்ளமா முடித்து, பதினாறாவது வருடம் அறிக்கைகளில் கையெழுத்திடும் இடத்துக்கு வந்திருந்தார். அந்தக் கையெழுத்தை அவர் வேகமாகப் போட்டு நான் பார்த்ததில்லை. பேனாவை ஒருமுறை வேறு தாளில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பள்ளிப் பிள்ளையைப்போல் ஒவ்வொரு எழுத்தாக எழுதுவார். எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த ரகத்தை யார் சோதிக்கிறாரோ அவருடைய பெயரின் இரண்டு எழுத்துகள் அந்த ரகத்தின் குறியீட்டு எண்ணுக்குக் கடைசியில் வரும். முதலாளி கொண்டுவந்த வழக்கம் அது. அக்காவின் எழுத்துகளோடு முதன்முதலாக வெளிநாட்டுக்குப் போகவிருந்தது அந்த ஒன்பது வாட் பல்பு.

நீடிப்புச் சோதனை என்று ஒன்று உண்டு. பத்துப் பல்புகளை மரச்சட்டத்தில் வரிசையாகப் பொருத்தி, இரண்டரை மணி நேரம் எரியவிட்டு அரை மணி நேரம் அணைக்க வேண்டும். இப்படி ஆயிரத்து இருநூறு தடவை, இடைவிடாமல், ஐந்து மாதம். முடிவில் குறைந்தது ஒன்பது பல்புகள் உயிரோடு இருக்க வேண்டும். அக்கா மார்க்கர் பேனாவால் ஒன்று முதல் பத்துவரை பல்புகளின் கழுத்தில் எழுதினார். பங்குனி முடியும் சமயத்தில் ஒரு காலை சரியாகப் பத்து மணிக்கு ஸ்விட்சைப் போட்டார். ஏன் பத்து என்று கேட்டேன். "கணக்குப் போட்டுப் பாரு பஞ்சாங்கம். பன்னெண்டரைக்கு அணையும், நான் சோறு துன்னுவேன். மூணரைக்கு அணையும், டீ குடிப்பேன். அதுங்களும் நானும் ஒண்ணா ரெஸ்ட் எடுக்கறோம்" என்றார். எனக்குப் பஞ்சாங்கம் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். ஐந்து மாதமும் அந்த அறையில் நடந்தது அதுதான். பல்புகள் அணைந்ததும் டிபன் பாக்ஸைத் திறப்பார், எரிந்ததும் மூடுவார்.

ஆனி பிறந்து சில நாட்களில் முதலாளி எங்கள் இருவரையும் அழைத்தார். இந்தத் தொழிற்சாலை நிற்கும் மண்ணில் அவருடைய அப்பா நெல் விளைவித்திருக்கிறார். இப்போது முதலாளிக்கு மூன்று கட்டடங்களும் ஒரு கல்யாண மண்டபமும் இருந்தன. ஆனால் ஆடி மாதத்தில் புதிதாக ஒரு ஆணிகூட அடிக்கமாட்டார். இறக்குமதியாளர் ஆவணி பிறக்கும் முன் சரக்கு வேண்டும் என்று எழுதியிருந்தார். அக்காவின் சோதனை முடிவதோ ஆவணி நடுவில்.

"ஆடில வேணாம். ஆனிக்குள்ளாற ஒரு நல்ல நாளு சொல்லுய்யா" என்றார் என்னிடம்.

நான் நாட்காட்டியைப் புரட்டக்கூட இல்லை. கடைசி முகூர்த்தம் மாதக் கடைசியில் வரும் வெள்ளிக்கிழமை என்று உடனே சொன்னேன். சொன்னபோது ஒரு பெருமிதம் இருந்தது. அதை இன்று மறைத்து எழுதுவதில் பயனில்லை.

"சார், பல்பு ஆடி ஆவணிலாம் பாக்காது சார். ஐஞ்சு மாசம்னா ஐஞ்சு மாசம். கொழந்தைன்னாகூட ஏழு மாசத்துல எடுத்துடலாம், இத எடுக்க முடியாது" என்றார் அக்கா.

முதலாளி சிரித்தார். "மூணு மாசம் எரிஞ்சிகினு கீதுல்ல, இன்னும் ரெண்டு மாசம் எரியாதா? நீயே சொல்லும்மா, ஒண்ணாவது போச்சா?"

ஒன்றும் போகவில்லை. அன்று பத்தும் எரிந்துகொண்டிருந்தன. படிவத்தில் பிழைக்கும் பல்புகளின் எண்ணிக்கையை எதிர்பார்ப்பின்படி எழுதி, சோதனைக்கூடப் பொறுப்பாளர் என்ற இடத்தில் அக்கா கையெழுத்திட வேண்டும். அதை என் மேசைக்கு எடுத்து வந்து நின்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நடுவுல ஏதாவது ஆச்சுன்னா இந்தத் தேதிய மாத்தலாமா?"

"மாத்தலாம் அக்கா. கடைசி நாள் வரைக்கும் மாத்தலாம். ஒரு மெயில் போட்டா போதும். நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்குவியா?"

"நான் பாத்துக்கறேன்."

பேனாவை வேறு தாளில் ஓட்டிப் பார்த்தார். பிறகு, எழுத்து எழுத்தாகக் கையெழுத்திட்டார்.

முகூர்த்தத்துக்கு முந்தைய திங்கட்கிழமை பன்னிரண்டரை மணிக்கு அவர் சாப்பிடப் போகவில்லை. என் மேசைக்கு வந்தார். கையில் டிபன் பாக்ஸ் இல்லை. "நாலும் ஏழும் போச்சு பஞ்சாங்கம். நாலு காலைலயே போச்சு, சரி ஒண்ணுதானேன்னு இருந்தேன். இப்ப ஏழு. தேதியத் தள்ளச் சொல்லு."

முதலாளியிடம் போனேன். அவர் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். "தள்னா எங்க போய் வுழும்? ஆடில. ஆடில வேணாம்னு சொன்னேனா இல்லியா? ரெண்டு பல்பு போனதுக்கு இன்னாய்யா பேஜாரு. சாக்கெட்டு லூசா இருக்கும்" என்றார். நான் அங்கே நின்றேன். அக்கா சாக்கெட்டுகளை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார் என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

மேசைக்குத் திரும்பி இறக்குமதியாளருக்கு ஒரு மடல் எழுதினேன். விற்பனை தொடங்கும் தேதியைத் தள்ளி வைக்கவும், காரணம் பின்னர் எழுதுகிறோம். அவ்வளவுதான். முதலாளியைக் கேட்காமல் அனுப்பலாமா என்று யோசித்தேன். நாளை செவ்வாய், புதன்கிழமை அனுப்பலாம் என்று நினைத்தேன். புதன்கிழமை அக்கா வாசலில் நின்று பார்த்தார். "போட்டியா?" என்று கேட்டார். "போட்டுடறேன் அக்கா" என்றேன். போட்டுவிட்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டாரா, போடப் போகிறேன் என்று எடுத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. தலையாட்டிவிட்டுப் போனார். அவர் அப்படி நம்பிப் போகட்டும் என்று நான் விட்டது மட்டும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகம் வந்து கணினியைத் திறந்தபோது பக்கம் திறந்திருந்தது. ஆரஞ்சு நிற அம்பில் எழுத்து, வாட், வெளிச்சம், பிழைக்கும் எண்ணிக்கை. எல்லாவற்றுக்கும் மேலே குறியீட்டு எண், அதன் கடைசியில் அக்காவின் இரண்டு எழுத்துகள். முதலாளி சாமி படத்துக்கு முன் சூடம் ஏற்றினார். எல்லோருக்கும் கேசரி வந்தது. நாட்காட்டித் தாளைக் கிழித்து வட்டம் போட்டேன். அக்கா என் கணினிக்கு அருகே வந்தார். பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேசரியை வாங்காமல் சோதனைக்கூடத்துக்குப் போய்விட்டார்.

சரக்கு விமானத்தில் போனது. ஆடியிலேயே புகார்கள் வரத் தொடங்கின. அங்கேயுள்ள அதிகாரிகள் கடைகளிலிருந்து பல்புகளை எடுத்தார்கள், இறக்குமதியாளரிடம் ஆதாரம் கேட்டார்கள், அவர் எங்களிடம் கேட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். சோதனை முழுவதும் முடிந்துவிட்டதாக எங்கள் சோதனைக்கூடப் பொறுப்பாளர் தெரிவித்தார், அவருடைய கையெழுத்தை நம்பியே விவரங்களை அனுப்பினோம், அவரைப் பணியிலிருந்து விலக்குகிறோம். மூன்று வாக்கியங்கள். என் விரல்கள் நிற்கவில்லை. என் வீடு, என் பிள்ளைகளின் பள்ளி, என் வயது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் ஏராளம். அக்காவுக்கும் வீடு இருந்தது. குரோம்பேட்டையில் பொறியியல் படிக்கும் மகள் இருந்தாள்.

கடிதத்தின் நகல் ஒன்றை அவரிடம் கொடுக்கச் சொன்னார்கள். நான்தான் கொண்டுபோனேன். பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. அவர் நின்றபடியே படித்தார். தட்டச்சு செய்தவரின் பெயரெழுத்துகளைக் கீழே இடுவது எங்கள் அலுவலக வழக்கம். அதையும் பார்த்தார்.

"தேதி கரெக்டா போட்டுகீற" என்றார்.

சோதனை முடிய இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன. அந்த ஒன்பது நாட்களும் வருகிறேன் என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டு வந்தார். சம்பளம் வேண்டாம் என்றாராம். ஆயிரத்து இருநூறாவது தடவை அணைந்தபோது ஆறு பல்புகள் மிஞ்சின. அதை எழுதி, கையெழுத்திட்டு, அறிக்கையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதை யாரும் எங்கும் அனுப்பவில்லை. ஜி.எஸ்.டி. சாலை நெடுக, மறைமலை நகர் வரை அவர் வேலை கேட்டு அலைந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். இந்தத் தொழிலில் ஆட்கள் குறைவு, பேச்சு அதிகம். பொய்யறிக்கை கொடுத்தவர் என்ற பெயர் அவருக்கு முன்பே எல்லா வாசலுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

சென்ற ஆண்டு கேம்ப் ரோட்டில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். மின்சாதனப் பகுதியில், கடைச் சீருடைக்கு மேல் அடையாள அட்டை தொங்க, அக்கா நின்றிருந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. முன்னால் ஒருவர் பல்பு வாங்கிக்கொண்டிருந்தார். அக்கா பல்பைப் பிரித்து, மேசைமேல் இருந்த சாக்கெட்டில் மாட்டி, ஸ்விட்சைப் போட்டு எரிவதைக் காட்டினார். உடனே அணைத்தார்.

"எத்தனை வருஷம்மா வரும் இது?"

"எனக்குத் தெரியாது சார். அட்டைல போட்டுகீது பாருங்க."

அந்தக் குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. பதினாறு வருடம் அதை மட்டுமே தெரிந்துகொள்ள உழைத்தவர் அவர். நான் சோப்பு அடுக்குகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எனக்கு வேண்டியதை வாங்காமலேயே வெளியே வந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை என்றுதான் இன்றுவரை நம்ப முயல்கிறேன்.

பதிவேட்டுப் பக்கம் அப்படியே இருக்கிறது. விற்பனை முடிந்த தேதி ஒன்று சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. தொழிற்சாலை கைமாறிவிட்டது, சோதனைக்கூடம் இருந்த இடம் இப்போது கிடங்கு, நானும் அங்கே இல்லை. அந்த ரகப் பல்பு எங்கும் எரியவில்லை. அவருடைய இரண்டு எழுத்துகள் மட்டும் தப்பான எண்களுக்கு மேலே நிற்கின்றன. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆறு என்று அவர் கையெழுத்திட்ட அறிக்கையை ஏற்றுக்கொள்ள அந்தப் பக்கத்தில் இடம் இல்லை. கேட்டு எழுத எனக்கு இன்று உரிமையும் இல்லை. உரிமை இருந்த நான்கு நாட்களில், எழுதியதை நான் அனுப்பவில்லை.

இன்று காலை மறுபடியும் இழுப்பறையைத் திறந்தேன். நாட்காட்டித் தாள், அதன் அடியில் அவருடைய அறிக்கை, அதற்கும் அடியில் அச்செடுத்து வைத்திருக்கும் அந்த மடல். தேதியைத் தள்ளி வைக்கவும், காரணம் பின்னர் எழுதுகிறோம். கீழே என் பெயர். மேலே திங்கட்கிழமையின் தேதி. அதைச் சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.