அலகு குத்திய மறுநாள் ஒலிப்பதிவு

அன்று போர்ட் லூயி கிடங்கில் இருந்தவர்கள் ஆறு பேர். பாட வந்த அண்ணன், பாட்டு நோட்டுடன் நான், ரவான் மேளம் அடிக்கும் பக்கத்து வீட்டுக்காரர், கித்தார் வாசிக்கும் கிரியோல் நண்பர், இசைத்தட்டுக் கடை முதலாளி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வெளிநாட்டிலிருந்து வந்த ஒலிப்பதிவுக்காரர். அப்பா வரவில்லை. முன்பணத்துக்காகப் பசுவை விற்ற நாளிலிருந்து அவர் அண்ணனோடு பேசுவதில்லை. அம்மா பேருந்து நிற்கும் இடம்வரை வந்தாள். அண்ணனின் வாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

மொரீஷியஸ் சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு அது. ஆலையில் கரும்பு அரைக்கும் மாதங்களில் மட்டும்தான் அண்ணனுக்கு வேலை. மற்ற மாதங்களில் சேன் பியேர் பக்கத்துக் கல்யாண வீடுகளில், மேளத்துக்கு ஆடிப் பாடும் தீவுப் பாட்டான செகா பாடுவார். பாட்டைக் கட்டுவது அவர். அதை நோட்டில் எழுதி வைப்பது நான், வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால். ஒரு கல்யாணத்தில் அவர் பாடக் கேட்ட கடை முதலாளி, பத்துப் பாட்டோடு ஒரு பெரிய தட்டு போடலாம் என்றார். செலவில் பாதி எங்களுடையது. தட்டு விற்றால் ஊர் ஊராகப் பாடக் கூப்பிடுவார்கள், ஆலை வாசலில் போய் நிற்க வேண்டாம் என்று அண்ணன் நம்பினார். நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

பிரெஞ்சில் இருந்த ஒப்பந்தத்தைப் படித்தவன் நான். பதிவுக்காரர் இரண்டு வாரம் இருப்பார், எந்த நாள் வேண்டும் என்று முதலாளி கேட்டார். கடைச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து ஒரு சனிக்கிழமையைச் சொன்னேன். அந்தக் காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புனிதர் இருந்தார். தைப்பூசம் இல்லை. கோவிலில் போய்ப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டும் என்று, படித்த எனக்குத் தோன்றவில்லை. அம்மாவிடம் கேட்டிருந்தால் விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருப்பாள்.

கோவிலில் கொடி ஏறியபோதுதான் தெரிந்தது. காவடி வெள்ளிக்கிழமை. மறுநாள் பதிவு. தட்டு போட வழி பிறந்தால் நாக்கில் அலகு குத்திக் காவடி எடுக்கிறேன் என்று அண்ணன் வேண்டியிருந்தார்.

போர்ட் லூயிக்கு ஓடினேன். "மிசியே, மற்ற நாளெல்லாம் வேறு பாடகர்களுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் விமானம் ஏறுகிறார்" என்றார் முதலாளி. திரும்பி வந்து அண்ணனிடம் மன்றாடினேன்.

"அண்ணே, இந்த வருஷம் முதுகுல குத்திக்கோ. நாக்கு வேண்டாம்."

"முதலாளி முன்பணம் கேட்டார், கொடுத்தோம். முருகனுக்கு மட்டும் அடுத்த வருஷமா?"

"வீங்கிட்டா என்ன பண்றது?"

"முன்னாடி ஒரு தடவை குத்தினேனே! அன்னிக்குச் சாயங்காலமே கோவில் இலையில போட்ட ஏழு கறியும் சாப்பிட்டேன். உன் இலைப் பாயசத்தையும் சேர்த்து. மறந்துட்டியா, படிச்ச தம்பி?"

அது உண்மைதான்.

வெள்ளிக்கிழமை கோவில் படியில் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் ஒருவர் வழுக்கினார், கூட்டம் நெருக்கியது, யாருடைய காவடியோ அண்ணனின் அலகில் இடித்தது. அவர் நிற்கவில்லை. மேலே போய்ப் பாலை ஊற்றிய பிறகுதான் உட்கார்ந்தார். விடிந்தபோது நாக்கு வாய் நிறைய வீங்கியிருந்தது.

கிடங்கின் சுவரெங்கும் சர்க்கரைச் சாக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள், சத்தம் எதிரொலிக்காமல் இருக்க. ரவானின் ஆட்டுத்தோல் ஈரத்தில் தளரும். பாட்டுக்கு ஒரு முறை முற்றத்தில் தீ மூட்டி அதைக் காய்ச்ச வேண்டும். அன்று பக்கத்து வீட்டுக்காரர் ஏழு முறை காய்ச்சினார். முதல் பாட்டு முடியவே இல்லை.

சிவப்பு விளக்கு எரியும், மேளம் எழும், அண்ணன் வாயைத் திறப்பார். கொழகொழவென்று ஏதோ வரும். சொல் வராது. பதிவுக்காரர் கையைத் தூக்குவார். மறுபடியும்.

"ஒரு போத்தல் ரம் உள்ளே போன மாதிரி இருக்கு. நல்லதுதான், கேட்கிறவனும் குடிச்சிருப்பான்" என்றார் கித்தார்காரர். அண்ணன் சிரிக்கப் பார்த்தார். தண்ணீர் குடித்து டம்ளரைக் கீழே வைத்தபோது தண்ணீர் சிவந்திருந்தது.

மதியம் தாண்டியதும் முதலாளி கித்தார்காரரிடம் திரும்பினார். "உனக்குப் பாட்டெல்லாம் தெரியுமே. நீ பாடு. தட்டில் உன் பெயரைப் போடுகிறேன்."

அவர் கித்தாரை மடியிலிருந்து இறக்கவில்லை. "அது அவன் பாட்டு, மிசியே. நான் வாசிக்க வந்தேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் எழுத முடியவில்லை. பிறகு ஒலிவாங்கியின் அருகே போய் விரலைச் சொடுக்கினார். மேளம் எழுந்தது. வாயைத் திறக்காமல், சொல்லில்லாமல், முனகலாகவே பாடினார். ஒன்று, இரண்டு, மூன்று பாட்டு. நான் நோட்டில் எழுதிய ஒரு சொல்கூட அதில் இல்லை. ஆனால் ராகம் பிசகவில்லை.

பதிவுக்காரர் வெளியே வந்து அண்ணனின் கையைக் குலுக்கினார். முதலாளி மறுப்பாகத் தலையை ஆட்டினார். "இதை யார் வாங்குவார்கள்? ஒலிநாடா விலை அதிகம், அழித்துவிட்டு வேறு யாருக்காவது வைத்துக்கொள்கிறேன்." முன்பணம் திரும்பக் கிடைக்காது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நான்தான் படித்திருந்தேனே.

அண்ணன் என் நோட்டை வாங்கிப் பின்பக்கத்தில் கிறுக்கலாக ஓர் எண்ணை எழுதி முதலாளியிடம் நீட்டினார். அறுபது. எண்கள் மட்டும் எழுத நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அழிக்காமல் நாடாவை விலைக்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அதைப் போட்டுக் கேட்க எங்கள் ஊரில் யாரிடமும் இயந்திரம் கிடையாது. "எண்பது" என்றார் முதலாளி. அண்ணன் தலையசைத்தார். அரைப்புக் காலத்தில் வாராவாரம் கட்டினார்.

நாடா பிஸ்கட் டின்னில் இருக்கிறது. இதுவரை யாரும் அதைப் போட்டுக் கேட்டதில்லை. பசுவின் விலையும் நாடாவின் விலையும் சேர்த்து முந்நூற்று அறுபது ரூபாய்.