அலசப் போட்ட துணி

எழுத்து கோணலா இருக்கும், மன்னிச்சுக்கங்க. அஞ்சாம் வகுப்போட நின்னவ. இப்ப ஞாபகமும் தப்பிப் போகுது.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு அட்டன்ல தம்பியோட கராஜ்ல இஞ்சின் சாமான் கழுவுற வேலை செஞ்சேன். வாடகைக்கு வண்டி ஓட்டுற வட்டவளை ஹயர்காரர் ஒருத்தர் ஜப்பான் காரைக் கொண்டாந்தார். அந்த மாதிரி இஞ்சின்ல பெற்றோல் நேரா உள்ளுக்குள்ள பாயுறதால, காத்துப் போற வால்வுல கரி தார் மாதிரி ஒட்டிக்கும். மருந்து ஊத்தி ஊறவச்சுச் சுரண்டணும்.

"வீட்டுல நிறைமாசம். இன்னைக்கே வண்டி வேணுங்க"ன்னார்.

"அக்கா கை பட்டா கரி தானா ஓடிரும்"ன்னு தம்பி சிரிச்சான்.

திறந்திருந்த வால்வு ஓட்டையில துணியை அடைச்சான். "இதுல மட்டும் ஊத்தாதக்கா. மருந்து உள்ள இறங்கி நின்னா இஞ்சின் உடைஞ்சிரும்"ன்னு சொல்லிட்டுக் கடைக்குப் போனான். துணி அழுக்கா இருக்கேன்னு எடுத்து அலசப் போட்டேன். பிறகு எந்த ஓட்டைன்னு மறந்து, எல்லாத்துலயும் ஊத்திட்டேன். தம்பி திரும்பி வந்ததும் அவன்கிட்ட சொல்ல வெக்கமாவும் பயமாவும் இருந்துச்சு. சொல்லல.

அவன் இஞ்சினைத் திரும்பப் பூட்டி முடிக்கவும், வலி கண்டிருச்சுன்னு ஹயர்காரர் ஓடி வந்தார். ஸ்டார்ட் பண்ணினதும் டங்குன்னு ஒரு சத்தம். இஞ்சின் நின்னு போச்சு.

"யாருங்க கழுவுனது?"

என் கையில இருந்த ஈரத்துணியைத் தம்பி பார்த்தான்.

"நான்தான்"ன்னான்.

நான் துணியைப் பிழிஞ்சேன்.

வேற வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள பிள்ளை இறந்திருச்சு. தம்பி சாகுற வரைக்கும் அந்தப் பழியை அவன்தான் சுமந்தான்.

இஞ்சின் தெரிஞ்சவங்க யாராவது இந்த விவரத்தைப் பார்த்துத் திருத்துங்க. துணியை எடுத்தது நான்ங்கிறதை மட்டும் அப்படியே விட்டுருங்க.