பெரியமேட்டு மாடி அறை

எண்பத்தொன்றாம் வருஷம் செந்தாமரைக்கு மெட்ராஸில் டாக்டருக்குப் படிக்க இடம் கிடைத்தது. ஜமுனாமரத்தூருக்கு மேலே மலையில் இருக்கும் அவர்கள் ஊரில் அதற்கு முன் யாரும் பத்தாவதைக்கூடத் தாண்டியதில்லை. துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம்தான். ஆனால் அவளுக்குள் எதுவும் அசையவில்லை.

இருபது நாள் முன்னால் அம்மா செல்லியம்மாள் காய்ச்சலில் போய்விட்டாள். பிணம் வீட்டில் இரவு தங்கக் கூடாது, பொழுது சாய்வதற்குள் மண்ணில் வைத்துவிட வேண்டும் என்பது ஊர்க்கட்டு. இன்டர்வியூவுக்காக வேலூரில் ஒரு டீச்சர் வீட்டில் தங்கியிருந்தவளுக்கு மூன்றாம் நாள்தான் சேதி வந்தது. ஓடிப்போய் அவள் பார்த்தது ஈர மண்ணையும், நரி தோண்டாமல் இருக்க அதன்மேல் போட்ட முள்ளையும்தான். அழுகைகூட வரவில்லை.

ஹாஸ்டலில் இடமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அப்பா மாதையனும், வருஷா வருஷம் அவர்களிடம் புளி வாங்கும் வாணியம்பாடி நசருல்லாவும் அறை தேடி மெட்ராஸ் தெருக்களில் அலைந்தார்கள். அவள் பின்னால் நடந்தாள்.

வீடு பார்க்க மாதையனுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. வாசலில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவார். ஓடினால் இருக்கலாம், நின்றால் ஆகாது. மலைக்கு அது சரி. தாம்பாளம் மாதிரி கிடக்கிற மெட்ராஸுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? திருவல்லிக்கேணியில் தண்ணீர் நின்றதோடு கோலமும் அழிந்தது. வீட்டுக்கார அம்மாள் திட்டித் தீர்த்தாள். பரங்கிமலை அடிவாரத்தில் மட்டும் ஓடியது. மாதையனுக்கு வாயெல்லாம் பல்.

"இங்கதாம்மா. பின்னாடி மலையும் கீது."

"கவுண்டரே, இங்கேர்ந்து காலேஜுக்கு ரயில்ல முக்கா மணி நேரங்க. பெரியமேட்ல என் தங்கச்சி ஜோஹரா வூட்ல மாடி ரூம் காலியா கெடக்குது. நடந்தே போலாம்" என்றார் நசருல்லா.

செந்தாமரை இரண்டுக்கும் தலையாட்டினாள். பாய் மனசு நோகக் கூடாதே என்று பெரியமேட்டுக்கும் போனார்கள். தெருவெல்லாம் தோல் மண்டி, ஒரே நாற்றம். ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே நின்றது. மாதையன் கிளம்பிவிட்டார். ஜோஹராதான் மறித்தாள்.

"இருக்கப்போறது பொண்ணு. அதை ஒரு வார்த்தை கேட்டீங்களா? உனக்கு எங்கம்மா புடிச்சிருக்குது?"

செந்தாமரை கொஞ்சம் யோசித்தாள். "தந்தி ஆபீஸ் எவ்ளோ தூரங்க்கா?"

"தோ, சென்ட்ரலாண்ட. ஊருக்கு ரயிலும் அங்கதான்."

"அப்ப இங்கயே இருக்கறேம்ப்பா. உனக்கு ஒண்ணுன்னா உடனே கெளம்பி வந்துருவேன்."

எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் பொழுது சாய்வதற்குள் இவள் மலையேற முடியாது. அது மாதையனுக்குத் தெரியும்.

"நீ வர்ற வரிக்கும் என்னைப் பொதைக்காம போட்டு வெக்கச் சொல்லிட்றேம்மா. கட்டாவது ஒண்ணாவது."

"அம்மாவுக்கு ஏம்ப்பா அப்டிச் சொல்லல?" என்று கேட்டாள் செந்தாமரை.

குரலில் கோபம்கூட இல்லை. மாதையன் குனிந்து, வாசலில் நின்ற தண்ணீரைக் கையால் தெருப்பக்கம் தள்ளினார்.