நாலு விரல் ஜன்னல்

தையல்காரிக்கு ஓரகத்தியைக் கண்டால் ஆகாது. காரணம் நகையும் இல்லை, துணிமணியும் இல்லை. ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர்.

ஒரே வீட்டில் இருவருக்கும் எதிரெதிர் அறை. குளிர்காலம் பிறந்தால் போதும், தையல்காரியின் மகள் புத்தகப் பையோடு சித்தி அறைக்குக் குடிபோய்விடுவாள். பெற்றவள் இங்கே விறைத்த விரலோடு மெஷின் மிதிக்க, மகளின் சிரிப்பு எதிர் அறையிலிருந்து வரும். கேட்கக் கேட்க இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதிலும் அந்த ஓரகத்தி ஹீட்டரை ஏற்றிவிட்டு ஜன்னலை நாலு விரல் திறந்து வைப்பாள். "தெருவுக்கும் சேத்துச் சூடு காட்டுறா மகாராணி" என்று புருஷனிடம் முனகுவாள் இவள். அவர் எந்தப் பக்கமும் தலையாட்டாமல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

ஒருவழியாக இவளும் ஒரு ஹீட்டர் வாங்கினாள். ஓரகத்தியுடையதைவிடப் பெரியது, அதில் மட்டும் கவனமாக இருந்தாள். பார்க்க வந்த ஓரகத்தி, "துணியெல்லாம் தள்ளி வைங்கக்கா. ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வைங்க. அது எரியவும் காத்து வேணும், நமக்கும் வேணும்" என்றாள்.

என் அறை சூடாகிவிடுமே என்று அவளுக்கு வயிறெரிகிறது! தையல்காரி அப்படித்தான் நினைத்தாள். துணியை மட்டும் தள்ளி வைத்தாள், அது வாடிக்கைக்காரர்கள் துணி. ஜன்னல் இடுக்கிலெல்லாம் வெட்டுத்துணியைத் திணித்தாள். கதவடிக்கு நீளமாக ஒரு பை தைத்து, துண்டுத்துணி அடைத்துக் கிடத்தினாள். தையலில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. காற்று நுழைய ஊசிமுனை இடமில்லை.

மகள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "சித்தி ரூமைவிட இங்கதாம்மா சூடு."

இந்த வார்த்தைக்குத்தானே இத்தனை குளிர்காலம் காத்துக் கிடந்தாள்! மனசு குளிர்ந்துபோனாள்.

கொஞ்ச நேரத்தில் மகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "தலை வலிக்குதும்மா. சித்தி ரூமுக்குப் போகட்டுமா?"

சுருக்கென்றது. "வந்து ஒரு பாடம் முழுசாப் படிக்கல, அதுக்குள்ள சித்தியா? பேசாமப் படு."

மகள் படுத்தாள். தையல்காரிக்கும் மண்டை கனத்தது, ஊசியில் நூல் கோக்க வரவில்லை. ஹீட்டர் சுடர் மஞ்சளாகிப் புகைந்தது. சாப்பிட எழுப்பினாள், மகள் எழவில்லை. உலுக்கினாள். தலை துவண்டு தொங்கியது. அள்ளித் தூக்கப் போனவளின் கால் மடங்கிவிட்டது. தவழ்ந்து போய், தான் தைத்த பையைக் கதவடியிலிருந்து இழுத்தெறிந்து, கதவைத் திறந்து, ஓரகத்தியைக் கூவி அழைத்தாள்.

ஓரகத்தி முதலில் குழந்தையை வாசலுக்குத் தூக்கிப் போனாள், பிறகு இவளை இழுத்துப் போனாள். குளிர்காற்று பட்டு மகள் வாந்தியெடுத்துக் கண் திறந்தாள். திறந்ததும் கேட்டது சித்தியைத்தான்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்து, தேறிய பின் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் தையல்காரி இடுக்குத் துணியையெல்லாம் பிடுங்கி எறிந்தாள். திரியைச் சுத்தம் செய்து ஹீட்டரை ஏற்றினாள். ஜன்னலில் கை வைத்து நாலு விரல் அளந்து திறந்தாள்.

மகள் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். "இப்ப சித்தி ரூம் மாதிரியே இருக்கும்மா."

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பச்சைப் பொய். உள்ளே அது பழையபடி கடித்தது. தையல்காரி எழுந்து போய், ஜன்னலை இன்னும் ஒரு விரல் கூடுதலாகத் திறந்துவிட்டு வந்தாள்.