ஆண்டவர் கேட்டு வாங்கிய கூந்தல்

என் மகள் வள்ளிக்கு அப்போது ஆறு வயது. ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மாதம். கொடைக்கானலில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. பிள்ளைக்கு இளைப்பு. மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்கூடு குழி விழும். உதடு நீலம் பாயும். இவள் எனக்குத் தங்கமாட்டாள் என்றே நினைத்துவிட்டேன். அழக்கூட முடியவில்லை.

டாக்டர் நல்ல மனிதர்தான். மாத்திரை கொடுத்தார். "சளிதாம்மா. தலையில ஈரம் தங்கக் கூடாது. நல்லா சாம்பிராணி போடுங்க" என்றார். வள்ளிக்கு இடுப்பு வரை முடி. மலைக்குளிரில் அது எங்கே காய்கிறது? கனல்மேல் கூடையைக் கவிழ்த்து, முடியைப் பரப்பி, தினமும் புகை போட்டேன். இளைப்பு கூடியது. இன்னும் கொஞ்சம் சாம்பிராணி அள்ளிப் போட்டேன்.

ஒருநாள் அவளைத் தூக்கிக்கொண்டு குறிஞ்சி ஆண்டவர் கோவிலுக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் கீழே பழனி மலை தெரியும். அன்று எங்கும் ஒரே வெள்ளை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏப்பா முருகா, மொட்டத் தலையோட நிக்கிறவனே, இவ முடியையும் எடுத்துக்க. மூச்ச மட்டும் விட்டுரு!"

மூடுபனி மெல்ல விலகியது. தூரத்தில் மலை, அடிவாரமே இல்லாமல் மிதந்தது.

"அம்மா, சாமி மெதக்குது" என்றாள் வள்ளி. பனி மறுபடி மூடிக்கொண்டது. கண்டது கனவா என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

பழனிக்கு இறங்கி மொட்டை போட்டோம். சந்தனம் பூசிய தலையோடு என் மடியில் தூங்கினாள்.

திரும்பி வந்தபின் புகை போட முடி ஏது? கூடையைப் பரணில் எறிந்தேன். இளைப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. தை பிறந்தபோது என் பிள்ளை ஏரிக்கரையில் ஓடினாள்!

டாக்டர் திகைத்தார். "என்னம்மா மாத்துனீங்க?"

"மொட்டதாங்க போட்டோம். சாம்பிராணிக்குச் சோலி இல்லாமப் போச்சு."

"அப்ப அந்தப் புகைதாம்மா ஆகல. எங்க படிப்புல யாரும் இதச் சொல்லல. நானே போடச் சொன்னேனே" என்றார். அதன்பின் இளைப்போடு எந்தப் பிள்ளை வந்தாலும், வீட்டில் புகை உண்டா என்றுதான் முதலில் கேட்டார்.

இரண்டு வருஷம் ஆகிறது. பனிக்காலத்தில் இளைப்பு இப்போதும் எப்போதாவது எட்டிப் பார்க்கும். மாத்திரை கொடுக்கிறேன், பயப்படுவதில்லை. அன்பர்களே, கோபமாக இருந்தாலும் அவனிடமே போய்ச் சொல்லுங்கள். முடியை எடுத்துக்கொள் என்று நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எதற்காக எடுக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

வள்ளிக்கு முடி மறுபடி தோள்வரை வளர்ந்துவிட்டது. வெயிலுக்காகக் காத்திருந்து காயவைக்கிறேன்.